ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பாகப்பிரிவினை

கொழும்பில் வயதானவர்கள் இருக்கும் ஒரு வீட்டில் போய் 'பார்ட்டிஷன்' என்று சொல்லிப் பாருங்கள். எந்தக் காணி, யார் வழக்குப் போட்டது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு காணி, ஏழு பங்காளிகள், வழக்குப் போட்டவர் போய்ச் சேர்ந்த பிறகும் பேரப்பிள்ளைகள் தவணைக்குத் தவணை அலைவது, இதெல்லாம் எங்கள் ஊரில் கேட்டுப் பழகிய கதை. நான் சொல்ல வந்தது கணினிக்குள் இருக்கும் பார்ட்டிஷன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரமில்லை, அங்கேயும் காணி இருக்கிறது, எல்லை இருக்கிறது, உறுதி (காணிப் பத்திரம்) இருக்கிறது, ஒரே காணியைப் பார்த்து 'இது வெறுங்காணி' என்று ஒருவரும் 'இது என் வீடு' என்று இன்னொருவரும் சொல்கிற கூத்தும் இருக்கிறது.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம், கொஞ்ச நாளாக என்னிடம் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டில் இருக்கும் பழைய லப்டொப் வின்டோஸ் 11ஐ ஏற்காது, புதிது வாங்கலாம் என்று பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் விலையைக் கேட்டு மயக்கம் வருகிறது. சரி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்போம், ஆனால் வின்டோஸும் இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இன்னொரு பக்கம் வீடியோ எடிட் செய்யும் பிள்ளைகள் மேக் வைத்திருக்கிறார்கள், அவர்களுடைய டிஸ்க்கை இங்கே கொண்டுவந்து குத்தினால் ஒன்றும் தெரிவதில்லை. எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான்: பார்ட்டிஷன் என்றால் என்ன, அதை வேறு வேறு இயங்குதளங்கள் எப்படிப் பார்க்கின்றன.

முதலில் டிஸ்க். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ் எதுவாக இருந்தாலும் கணினிக்கு அது ஒரு நீண்ட வரிசைதான். ஒவ்வொன்றும் 512 பைட் கொள்ளும் சின்னச் சின்னப் பெட்டிகள், 0, 1, 2 என்று இலக்கம் போட்டு அடுக்கி வைத்த மாதிரி. 500 ஜிபி டிஸ்க் ஒன்றில் அப்படிக் கிட்டத்தட்ட 98 கோடிப் பெட்டிகள் வரும். பார்ட்டிஷன் பிரிப்பது என்றால் 'இத்தனையாவது பெட்டியிலிருந்து இத்தனையாவது பெட்டிவரை ஒரு துண்டு' என்று ஓர் இடத்தில் எழுதி வைப்பது. அவ்வளவுதான். உள்ளே சுவர் எழும்புவதில்லை, டிஸ்க் இரண்டாக வெட்டப்படுவதுமில்லை. எஸ்எஸ்டியில் இன்னும் வேடிக்கை, அதற்குள் இருக்கும் சிப் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை எங்கெங்கோ பரப்பி வைத்துக்கொண்டு வெளியே மட்டும் அடுக்கான வரிசை மாதிரிக் காட்டும்.

அந்த 'எழுதி வைக்கும் இடம்'தான் பார்ட்டிஷன் டேபிள். காணிக் கதையில் சொன்னால், உறுதி. காணிக்குள் மாமரம் நிற்கிறதா, கிணறு இருக்கிறதா என்று டேபிளுக்குத் தெரியாது, எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பார்ட்டிஷனை 'டிலீட்' பண்ணினால் அழிவது உறுதியில் உள்ள அந்த ஒரு வரி, உள்ளே இருந்த படங்களும் கடிதங்களும் அந்த நிமிடத்தில் அப்படியேதான் கிடக்கின்றன. (அதனால்தான் தொலைந்துபோன பார்ட்டிஷனைப் பல நேரம் மீட்க முடிகிறது, அதே காரணத்தால்தான் 'டிலீட்' பண்ணிவிட்டேன் என்ற நம்பிக்கையில் பழைய டிஸ்க்கை விற்பது புத்தியில்லை.)

உறுதி எழுதுவதில் இரண்டு முறை இருக்கிறது. பழையது எம்பிஆர், 1983இல் ஐபிஎம்மின் எக்ஸ்டி கணினியோடும் டொஸ் 2.0வோடும் வந்தது. டிஸ்க்கின் முதல் பெட்டியிலேயே, கணினியைக் கிளப்பும் சின்னக் கட்டளைத் துண்டுக்குப் பக்கத்தில், 64 பைட் இடத்துக்குள் முழு அட்டவணையையும் அடக்கிவிட்டார்கள். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட், ஆகவே நாலுக்கு மேல் எழுத இடமில்லை. ஐந்தாவது வேண்டும் என்றால் அந்த நாலில் ஒன்றை 'எக்ஸ்டென்டட்' என்று பெயர் மாற்றி, அதற்குள் குட்டிக் குட்டியாக 'லொஜிக்கல்' டிரைவ்கள் போடுவார்கள், அனெக்ஸுக்குள் அனெக்ஸ் கட்டி வாடகைக்கு விடும் வெள்ளவத்தை வீடு மாதிரி. இன்னொரு தடை, பெட்டி இலக்கம் எழுத 32 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள், அதனால் 2 டிபிக்கு மேல் எம்பிஆருக்கு எண்ணத் தெரியாது. 4 டிபி டிஸ்க் வாங்கி 2 டிபிதான் தெரிகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை பாருங்கள்.

புதியது ஜிபிடி. இப்போது ஜிபிடி என்றால் எல்லோருக்கும் வேறொன்றுதான் ஞாபகம் வருகிறது, இது அது இல்லை. கணினியை முதலில் கிளப்பிவிடும் மென்பொருளான பயோஸின் புதிய முறை யூஇஎஃப்ஐ, அதோடு வந்த அட்டவணை இது. வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் வைத்திருக்கும், 2 டிபி தடை இல்லை. எனக்குப் பிடித்த விஷயம், அட்டவணையின் இன்னொரு பிரதி டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். நொத்தாரிசு ஓர் உறுதி எழுதினால் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகுமே, கையில் இருப்பதைக் கறையான் தின்றாலும் அங்கே போய் எடுக்கலாமே, அதே யோசனைதான். இன்று வாங்கும் எந்த லப்டொப்பும் ஜிபிடிதான். உங்களுடைய பழைய கணினி எது என்று தெரிய வேண்டுமானால் வின்டோஸோடு வரும் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து, கீழே இடது பக்கம் 'டிஸ்க் 0' என்று இருப்பதில் ரைட் கிளிக் செய்து, பிரொப்பர்ட்டீஸில் வொல்யூம்ஸ் என்ற பக்கத்தைப் பாருங்கள், அங்கே எழுதியிருக்கும்.

உறுதி எழுதியாயிற்று, காணியில் இன்னும் வீடு இல்லை. 'ஃபோர்மட்' என்று சொல்கிறோமே, அதுதான் வீடு கட்டுவது. எந்தக் கோப்பு எந்தப் பெட்டிகளில் இருக்கிறது, பெயர் என்ன, எப்போது எழுதியது என்று கணக்கு வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர், ஒவ்வொரு இயங்குதளமும் அந்தக் கணக்கைத் தன் பாஷையில் எழுதுகிறது. வின்டோஸுக்கு என்டிஎஃப்எஸ். லினக்ஸில் பெரும்பாலும் இஎக்ஸ்டி4. மேக்குக்கு 2017இலிருந்து ஏபிஎஃப்எஸ், அதற்கு முன்னால் எச்எஃப்எஸ் பிளஸ். எல்லாருக்கும் விளங்கும் பொதுப் பாஷையாக ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்று இரண்டு.

இங்கேதான் என் முட்டாள்தனக் கதை வருகிறது. சில வருடங்களுக்கு முன், குடும்பத்தில் நடந்த ஒரு கலியாணத்துப் படங்கள் முழுவதும் என்னுடைய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இருந்தன. நான் லினக்ஸ் பாவிக்கிறவன், டிஸ்க்கையும் இஎக்ஸ்டி4இல்தான் ஃபோர்மட் செய்து வைத்திருந்தேன். அல்பம் அடிக்க வேண்டும் என்று சித்தியின் மகன் அதை வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனான், அவனுடைய கணினி வின்டோஸ். டிஸ்க்கைக் குத்தியதும் அது கேட்டிருக்கிறது, இந்த டிரைவைப் பாவிக்க முதல் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று. பையன் நல்ல பையன், தானாக அமத்தவில்லை, எனக்கு ஃபோன் எடுத்தான். நான் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நிற்கிறேன். "அண்ணா, ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு கேக்குது, ஓம் எண்டு குடுக்கட்டா?" என்று அவன் கேட்டது எனக்கு "போட்டோ பிரின்ட் பண்ணட்டா" என்று கேட்டது. ஓம் ஓம், குடு என்று சொல்லிவிட்டு டிக்கெட் காசை எண்ணத் தொடங்கினேன்.

வின்டோஸ் பொய் சொல்லவில்லை, அதற்கு இஎக்ஸ்டி4 வாசிக்கத் தெரியாது. தெரியாத பாஷையில் எழுதிய பழைய உறுதிக் கட்டை அலுமாரியில் கண்டவன், இது என்ன கிறுக்கல், கொளுத்திவிடட்டா என்று கேட்கிற மாதிரித்தான். எனக்கு வாசிக்க முடியவில்லை என்பதை அது 'ஃபோர்மட் செய்ய வேண்டும்' என்று சொல்கிறது, இந்த ஒரு வசனத்தால் போன படங்களும் கணக்குகளும் எவ்வளவு இருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபமே வரும். மேக் இதில் கொஞ்சம் மரியாதை, இந்த டிஸ்க் எனக்கு வாசிக்க முடியாதது என்று சொல்லிவிட்டு, இக்னோர், இஜெக்ட், இனிஷியலைஸ் என்று கேட்கும். இனிஷியலைஸ் என்பது அதே ஃபோர்மட்டுக்குத்தான் கூட்டிப் போகும், அமத்த வேண்டாம். எந்தக் கணினி இப்படிக் கேட்டாலும் பதில் 'கான்சல்', பிறகு இந்த டிஸ்க் முதலில் எந்த இயங்குதளத்தில் இருந்தது என்று விசாரியுங்கள்.

யாருக்கு எது வாசிக்கத் தெரியும்? வின்டோஸ் தன் என்டிஎஃப்எஸ்ஸும் இரண்டு பொதுப் பாஷையும் தவிர வேறொன்றையும் தானாக வாசிக்காது, பக்கத்து வீட்டு எழுத்தைப் படிக்கப் பழகாத ஆள். மேக் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை வாசிக்கும், அதில் எழுத மாட்டாது, வேலையை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாத அதிகாரி மாதிரி. இஎக்ஸ்டி4 மேக்குக்கும் தெரியாது. மூன்றிலும் கூடப் பாஷை தெரிந்தது லினக்ஸ்தான், என்டிஎஃப்எஸ்ஸை வாசித்து எழுதும், எக்ஸ்ஃபேட் 2019இலிருந்து அதன் கேர்னலுக்குள்ளேயே, அதாவது மையப் பகுதிக்குள்ளேயே, இருக்கிறது. மேக்கின் ஏபிஎஃப்எஸ் மட்டும் சாதாரணமாக அதற்கும் எட்டாது.

அப்போ மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு டிஸ்க் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். ஃபேட்32 பழைய டிவி, காருக்குள் இருக்கும் செட் போன்றவற்றுக்குச் சரி, ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் அதில் ஏறாது, கலியாண வீடியோ ஒன்று போதும் அதை மடக்க. எக்ஸ்ஃபேட்டிலும் ஒரு குறை உண்டு. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 எல்லாம் தாங்கள் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்யும், நடுவில் கரண்ட் போனால் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். எக்ஸ்ஃபேட்டில் அந்தக் குறிப்பேடு இல்லை. இஜெக்ட் கொடுக்காமல் வயரை இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதில் ஒரே பிரதியாக எதையும் வைக்க வேண்டாம்.

இனி ஒவ்வொரு இயங்குதளமும் பார்ட்டிஷனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று பார்ப்போம், குழப்பம் பாதி இதில்தான் வருகிறது.

வின்டோஸ் எழுத்துக் கொடுக்கும், சி, டி, இ என்று. ஏ, பி இரண்டும் அந்தக் கால ஃப்ளொப்பி டிரைவ்களுக்குப் போனதால்தான் சியில் தொடங்குகிறது, ஃப்ளொப்பி செத்து எவ்வளவோ காலம், எழுத்து மட்டும் காலியாகக் கிடக்கிறது. எங்கள் கடைகளில் வின்டோஸ் அடித்துத் தரும்போது பெரும்பாலும் சி, டி என்று இரண்டாகப் பிரித்துத் தருவார்கள், திரும்ப வின்டோஸ் அடிக்க வந்தால் சியை மட்டும் துடைத்துவிட்டு டியில் உள்ள சாமானைத் தொடாமல் விடலாம் என்பதற்காக. நல்ல யோசனைதான். ஆனால் டியில் போட்டுவிட்டேன், அது பக்கப் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். இரண்டும் ஒரே டிஸ்க். டிஸ்க் போனால் சியும் டியும் சேர்ந்துதான் போகும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் நீங்கள் போடாத சில சின்னப் பார்ட்டிஷன்களும் தெரியும், பயப்பட வேண்டாம், இடம் சும்மா வீணாகிறது என்று அழிக்கவும் வேண்டாம். 100 எம்பி அளவில் இருப்பது இஎஃப்ஐ பார்ட்டிஷன், கணினி கிளம்பும்போது முதலில் தேடிப் போகும் வாசல் அதுதான், ஃபேட்32இல் இருக்கும், பல இயங்குதளங்கள் அந்த ஒரே வாசலில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக்கொண்டு குடியிருக்கும். சில நூறு எம்பியில் கடைசியில் இருப்பது ரிக்கவரி. இரண்டும் இருக்கட்டும்.

லினக்ஸில் எழுத்து இல்லை. சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் இருக்கும் முதல் டிஸ்க் எஸ்டிஏ, அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1, இரண்டாவது டிஸ்க் எஸ்டிபி, இப்படிப் போகும். என்விஎம்இ என்ற புதுவகை எஸ்எஸ்டி என்றால் பெயர் இன்னும் நீளம். இந்தப் பெயர்களை நம்பிப் பாய்வது ஆபத்து, ஒரு பென் டிரைவைக் குத்தியபடி கணினியைக் கிளப்பினால் நேற்று எஸ்டிஏ என்றிருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். அதனால் அளவைப் பார்த்து, உள்ளே இருக்கும் கோப்பைப் பார்த்து, இரண்டு தரம் உறுதி செய்துகொண்டு கை வையுங்கள். இன்னொரு வித்தியாசம், லினக்ஸில் தனித்தனி டிரைவ் என்று தெரியாது, ஒரே மரத்தில் கிளை ஒட்டுவது மாதிரி ஒரு பார்ட்டிஷனைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு ஃபோல்டரில் பொருத்துவார்கள், அதற்கு மவுன்ட் என்று பெயர். ஹோம் என்ற ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனில் வைப்பது வின்டோஸின் டி டிரைவ் யோசனையேதான்.

மேக்கில் இப்போது பார்ட்டிஷன் பிரிக்கத் தேவையே குறைவு. ஏபிஎஃப்எஸ்ஸில் ஒரு பெரிய கொன்டெய்னர் இருக்கும், அதற்குள் எத்தனை வொல்யூம் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து கொடுக்க வேண்டியதில்லை, மிச்ச இடத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வார்கள். ஒரே குசினியில் இரண்டு குடும்பம் சமைக்கிற மாதிரி, ஆனால் சண்டையில்லாமல். மேக்கோடு வரும் டிஸ்க் யூட்டிலிட்டி என்ற கருவியில் வெளி டிஸ்க்கை ஃபோர்மட் செய்யப் போகிறவர்கள் முதலில் வியூ மெனுவில் 'எல்லா டிவைஸும் காட்டு' என்பதைப் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வொல்யூம் மட்டும் தெரியும், முழு டிஸ்க்கும் அதன் அட்டவணை முறையும் தெரியாது. மேக்கில் வின்டோஸ் போட பூட் கேம்ப் என்று ஒரு வழி இருந்தது, அது இன்டெல் மேக்குகளுக்கு மட்டும். 2020இன் கடைசியில் வரத் தொடங்கிய எம் வகைச் சிப் மேக்குகளில் அது இல்லை.

சரி, வின்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது: யார் கட்டிய வீடோ அவரையே வைத்துச் சுவரை இடியுங்கள். வின்டோஸ் பார்ட்டிஷனைச் சிறிதாக்க வேண்டுமா, வின்டோஸுக்குள் இருந்தே செய்யுங்கள். லினக்ஸ் கருவிகளாலும் முடியும், நானும் பல தரம் செய்திருக்கிறேன், இருந்தாலும் முதல் தடவை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுக்க மாட்டேன்.

எதையும் தொடுவதற்கு முன் வேண்டிய கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அப்புறம் பிட்லாக்கர். இப்போது வரும் வின்டோஸ் 11 கணினிகள் பல, உங்களிடம் பெரிதாகக் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கின்றன. கணினி கிளம்பும் (பூட்) முறையை நீங்கள் மாற்றியதும் அது சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவி ஒன்றைக் கேட்கும். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், முதலிலேயே எடுத்து ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள், அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை. மூன்றாவது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதை நிறுத்துங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் வின்டோஸ் முழுதாகப் படுக்காது, அரைத் தூக்கத்தில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும், லினக்ஸ் போய்த் திறந்தால் வாசிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். லினக்ஸில் இருந்து டி டிரைவுக்கு எழுத முடியவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் நான் பார்த்த அளவில் அநேகமாக எல்லாமே இதுதான்.

பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி மேல் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வொல்யூம்'. எவ்வளவு குறைக்க என்று எம்பியில் கேட்கும், 50 ஜிபி வேண்டுமானால் 51200 என்று கொடுங்கள். இங்கே பலர் தடுமாறும் இடம், சியில் 200 ஜிபி காலி இருக்கும், ஆனால் 20 ஜிபிக்கு மேல் குறைக்க விடாது. சில கோப்புகளை வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாது, பேஜ் ஃபைல், ஹைபர்னேட் ஃபைல், ரிஸ்டோர் பொயின்ட்டுகள் இப்படி. அதில் ஒன்று காணியின் நடுவில் குந்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தோடு எல்லை நின்றுவிடும். அவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, கணினியை ஒருக்கால் அணைத்துப் போட்டு, திரும்ப முயற்சி செய்தால் பெரும்பாலும் விடும்.

குறைத்ததும் கறுப்புக் கோடு போட்ட ஒரு துண்டு 'அன்அலொக்கேட்டட்' என்று வரும். அதை அப்படியே விடுங்கள். புதிய டிரைவ் செய்து எழுத்துக் கொடுத்து அழகு பார்க்க வேண்டாம், லினக்ஸ் நிறுவும்போது அந்த வெறுங்காணியைத் தானே எடுத்துக்கொள்ளும். உபுன்டு போன்ற லினக்ஸ் வகைகளில் 'வின்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்று ஒரு வழி இருக்கும், முதல் தடவைக்கு அது போதும். 'முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு' என்பதும் அதற்குப் பக்கத்திலேயேதான் இருக்கும், வாசித்து அமத்துங்கள். நானே பிரிக்கிறேன் என்று கைமுறையாகப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பாவிக்கச் சொல்லுங்கள், ஃபோர்மட் செய்யச் சொல்லாதீர்கள். செய்தால் வின்டோஸ் வீடு அப்படியே இருக்கும், வாசல் மட்டும் இருக்காது.

எல்லாம் முடிந்து ஒருநாள் வின்டோஸுக்குள் போய் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறப்பீர்கள். லினக்ஸ் இருக்கும் துண்டு பெயரில்லாமல், எழுத்தில்லாமல், எந்த ஃபைல் சிஸ்டம் என்றும் போடாமல் தெரியும். இது என்ன இடம் சும்மா கிடக்கிறது என்று கை துருதுருக்கும், ரைட் கிளிக் செய்தால் 'டிலீட் வொல்யூம்' மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் பஸ்ஸில் நின்ற என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிதாக்குவது இன்னொரு தலையிடி. சியில் இடம் போதவில்லை, டியைக் குறைத்து அந்த இடத்தைச் சிக்குக் கொடுக்கலாம் என்று போவீர்கள். டியைக் குறைத்தால் காலி இடம் டிக்கு வலப்பக்கம் வரும், சிக்கோ அதன் வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருந்தால்தான் எடுக்கத் தெரியும், நடுவில் டி சுவராக நிற்கிறது. ரிக்கவரி பார்ட்டிஷன் நடுவில் நின்றாலும் அதே கதை, 'எக்ஸ்டென்ட் வொல்யூம்' சாம்பல் நிறத்தில் மங்கிப்போய் இருக்கும். பார்ட்டிஷனையே தள்ளி வைக்க டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் முடியாது. ஜிபார்ட்டெட் என்று இலவசமாக ஒரு கருவி இருக்கிறது, பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே கணினியைக் கிளப்பலாம், அது தள்ளும். ஆனால் தள்ளுவது என்றால் உறுதியில் இலக்கத்தை மாற்றுவது மட்டுமில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி இடம் மாற்ற வேண்டும், 300 ஜிபி என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கில் மணிக்கணக்கு. நடுவில் நின்றால் பாதி இங்கே பாதி அங்கே.

நடுவில் நிற்குமா என்று இந்த நாட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் என்று சொல்லி முழு இலங்கையும் இருண்டது. ஆகவே லப்டொப் என்றால் பற்றரி நிறைந்திருக்கட்டும், வயரும் குத்தியிருக்கட்டும், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷன் தள்ளும் வேலைக்கே போக வேண்டாம்.

ஒரு சின்னக் கேள்வி அடிக்கடி வருவதால் இடையில் சொல்லிவிடுகிறேன். 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க் 465 என்று காட்டுகிறது, மிச்சத்தைப் பார்ட்டிஷன் தின்றுவிட்டதா? இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், வின்டோஸ் 1024ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணுகிறது. இடம் ஒன்றுதான், அளவுகோல் வேறு. அதே டிஸ்க்கை மேக்கில் குத்தினால் 500 என்றே காட்டும்.

இனி, எல்லாம் சொல்லியும் தவறு நடந்துவிட்டால். முதல் வேலை, நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட எழுத வேண்டாம், மீட்கும் மென்பொருளையும் அதே டிஸ்க்கில் இறக்க வேண்டாம். அழிந்தது பார்ட்டிஷன் வரி மட்டும் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி வரிசை முழுவதையும் தேடி, இங்கே ஒரு வீடு இருந்த அடையாளம் தெரிகிறது என்று எல்லையைக் கண்டுபிடித்துத் திரும்ப எழுதித் தரும், முழுதாகத் திரும்பி வந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஃபோர்மட் செய்து மேலே புது வீடே கட்டியாயிற்று என்றால் கதை வேறு.

சித்தியின் மகன் கொடுத்தது குயிக் ஃபோர்மட், அதனால்தான் தப்பினோம். குயிக் ஃபோர்மட் புதுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைக்கும், எல்லாப் பெட்டிகளையும் துடைக்காது. அன்றிரவே போய் டிஸ்க்கை வாங்கி வந்து, முதலில் அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் ஃபோட்டோரெக் என்பதை ஓட்டினேன், டெஸ்ட்டிஸ்க்கோடு கூடவே வருவது. அது கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, இது படம் மாதிரி இருக்கிறது என்று எடுத்து வெளியே போடும். படங்கள் வந்தன, பெயரும் ஃபோல்டரும் வரவில்லை. கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, யாரோ ஒருவருடைய அந்தியேட்டி, நான் எப்போதோ இறக்கி அழித்த சாப்பாட்டுப் படங்கள் எல்லாம் ஒரே குவியலாக, எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் நீள நீள இலக்கங்களோடு. இப்போதும் அந்தக் குவியல் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் இருந்து சேலையைப் பார்த்து இது யாருடைய வீட்டு விசேஷம் என்று சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறேன்.